பேட்டரியை இடம் மாற்றும் அண்ணன்மார்களுக்கு

பி.காம் படிக்கிற பையனுக்கு ஜீப் பேட்டரியைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தோண்டிப் பார்த்தால் இதில் கடைசியில் நிற்பது ஒரு செலவுக் கணக்குதான். எதற்குப் பணம் போடுகிறோம், எதில் மிச்சம் பிடிக்கிறோம், அந்த மிச்சத்துக்கு நாளைக்கு யார் விலை கொடுப்பார்கள்? இதைக் கேட்க காமர்ஸ் போதும். மின்சாரக் கணக்கும் பத்தாம் வகுப்பு ஓம் விதியைத் தாண்டிப் போகாது, பயப்படாமல் படியுங்கள்.

திருவண்ணாமலை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரே ஒரு மலைதான். பௌர்ணமிக்கு வந்து 14 கிலோமீட்டர் சுற்றிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். எங்களுக்கு இன்னொரு மலையும் உண்டு. போளூர் தாண்டி ஏறினால் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் வரை தார் ரோட்டில் யார் வேண்டுமானாலும் போகலாம். அதிலிருந்து பிரிந்து போகும் மண் பாதைகளுக்காகவே பழைய ஜீப் ஒன்றை வாங்கி, துரு சுரண்டி, பெரிய டயர் மாட்டி வைத்திருக்கும் அண்ணன்மார்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். 'வண்டி கட்டுறேன்' என்றுதான் சொல்வார்கள், வீடு கட்டுவது மாதிரி. அப்படிக் கட்டும்போது செய்கிற வேலைகளில் ஒன்று, பேட்டரியை பானட்டுக்குள்ளிருந்து பிடுங்கி சீட்டுக்கு அடியிலோ பின்பக்கத்திலோ கொண்டுபோய் வைப்பது. 'அதெல்லாம் அரை நாள் வேலை' என்பார்கள். அந்த அரை நாள் என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. முழுசாகச் செய்வதென்றால் மாற்றுங்கள். பாதி வேலைதான் செய்வோம் என்றால் பேட்டரி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

முதலில், எதற்காக மாற்றுகிறார்கள்? பெரும்பாலும் இடப் பிரச்சினை. டர்போ, ஏ.சி கம்ப்ரசர், பெரிய ஏர் ஃபில்டர் என்று ஒவ்வொன்றாகக் குடிவந்தால், பானட்டுக்குள் பழைய குடித்தனக்காரர் பேட்டரிக்குத்தான் முதல் நோட்டீஸ். அடுத்த காரணம் சூடு. லெட் ஆசிட் பேட்டரியின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் பழைய கணக்கு. சித்திரை வெயிலில் எங்கள் ஊர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், அதிலும் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேட்டரியின் கதி சொல்ல வேண்டாம். இதை நல்ல காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஓடையில இறக்கினா பேட்டரி நனைஞ்சுடும்' என்று சிலர் சொல்வதுதான் எனக்கு ஒட்டவில்லை. 12 வோல்ட் பேட்டரி ஓடைத் தண்ணீரில் சில நிமிஷம் நனைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அந்தத் தண்ணீர் ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போனால் இன்ஜினே போய்விடும். கவலைப்பட வேண்டியது அதற்கு.

பேட்டரியை வேறு இடத்தில் வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஜீப்பைப் படைத்தவர்களே செய்த காரியம்தான் இது. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் பெட்ரோல் டேங்க் எங்கே இருந்தது தெரியுமா? ஓட்டுநர் சீட்டுக்கு நேர் அடியில்! மனுஷனை பெட்ரோல் மேல் உட்கார வைத்த அதே ஆட்கள், பேட்டரியை மட்டும் முன்னால் பானட்டுக்குள் தள்ளியே வைத்தார்கள். பிறகு 1950-களில் வந்த எம்38ஏ1 ராணுவ ஜீப்பில் 24 வோல்ட் தேவைப்பட்டது, ஆகவே இரண்டு பேட்டரி. அதற்காக முன் கண்ணாடிக்கு முன்னால், பானட் முடிகிற இடத்தில் ஒரு தனி அறையே கட்டி, மேலே மூடி போட்டார்கள். உட்காரும் இடத்துக்கும் அதற்கும் நடுவில் தகரம். அவ்வளவு தூரம் ஏன், நம் ரோட்டில் ஓடும் லாரிகளைப் பாருங்கள். பேட்டரி சேஸிஸ் பக்கவாட்டில் தனிப் பெட்டியில் தொங்கும். தீபத்துக்கு வரும் ஸ்பெஷல் பஸ்களில் பக்கவாட்டில் சின்னதாக ஒரு தகரக் கதவு இருக்கும், அதைத் திறந்தால் பேட்டரி. இவை எல்லாமே பேட்டரிக்கு என்று ஒரு வீடு கட்டி, அதில் வைத்தவை.

வீடு கட்டாமல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய உதாரணம் உண்டு. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருந்தது. கம்பெனியே வைத்த இடம், பேட்டரிக்கு மேல் மூடியும் கொடுத்திருந்தார்கள். வருஷங்கள் ஓட ஓட மூடி தொலைந்து போகும், அல்லது உயரம் கூடின வேறு பேட்டரியை யாராவது வைப்பார்கள். ஒரு நாள் பாரியான ஆசாமி ஒருவர் பின் சீட்டில் தொம்மென்று உட்காருவார். சீட்டின் இரும்புச் சுருள் இறங்கி டெர்மினலில் படும். சுருளுக்கு மேலே இருப்பதோ தேங்காய் நாரும் குதிரை முடியும் திணித்த மெத்தை. பழைய பீட்டில் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இந்தத் தீ விபத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். இப்போது நம் ஊரில் ஜீப் சீட்டுக்கு அடியில் பேட்டரி வைக்கும் அண்ணன்மார்களில் எத்தனை பேர் டெர்மினலுக்கு ரப்பர் மூடி போடுகிறார்கள்?

நண்பனின் சித்தப்பா ஒருவர் தன் ஜீப்புக்காக ஒரு பட்டறையில் வாங்கிய எஸ்டிமேட்டை என்னிடம் காட்டினார். காமர்ஸ் பையன் என்பதால் கணக்குப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். பேட்டரி பாக்ஸ், பவுடர் கோட்டிங், 'கேபிள் 1 செட்', கூலி. நான்கே வரி. ஃப்யூஸ் என்று ஒரு வரி இல்லை. கேபிள் என்ன சைஸ் என்பதும் இல்லை. கேட்டதற்கு, 'கம்பெனி வண்டியிலயே செல்ஃப் கேபிளுக்கு ஃப்யூஸ் கிடையாது தம்பி' என்று பதில் வந்தது.

அந்தப் பதில் பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. பல வண்டிகளில் பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளுக்கு ஃப்யூஸ் இருக்காது. ஆனால் அங்கே அந்தக் கேபிளின் நீளம் இரண்டு மூன்று அடி. பானட்டுக்குள்ளேயே ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும், கூர்மையான தகரம் எதையும் உரசாதபடி கம்பெனிக்காரன் வழி போட்டிருப்பான். பேட்டரியைப் பின்னால் கொண்டுபோனால் அதே கேபிள் பத்துப் பன்னிரண்டு அடி ஆகிறது. சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டுக்குள், தகரத்தில் துளை போட்டு, சைலன்சர் பக்கமாக எல்லாம் ஓடுகிறது. ஜவ்வாது மலைப் பாதையிலோ, சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதை மாதிரி ஒன்றிலோ வண்டி குலுங்குகிற குலுக்கலில், துளையின் விளிம்பு கேபிளின் தோலை அறுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் செம்பு தகரத்தைத் தொடும்.

'12 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப் போகுது?' அடிக்காது. ஷாக் அடிப்பதற்கு வோல்ட் வேண்டும், தீப்பிடிக்க ஆம்பியர் போதும். நல்ல நிலையில் உள்ள ஜீப் பேட்டரியின் இரண்டு முனைகளும் நேரடியாகச் சேர்ந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். பட்டறையில் ஸ்பேனர் குறுக்கே பட்டு அங்கேயே பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அந்த மின்சாரத்தைத் தடுக்க நடுவில் எதுவும் இல்லை என்றால், கேபிளே அடுப்புக் கம்பி மாதிரி சிவக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் அந்தக் கேபிள் சாவி வழியாகப் போவதே இல்லை.

ஆகவே ஃப்யூஸ். அதுவும் பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள். தள்ளி வைத்தால் டெர்மினலுக்கும் ஃப்யூஸுக்கும் இடையே உள்ள கேபிளுக்குப் பாதுகாப்பு கிடையாது. எவ்வளவு ஆம்பியர் ஃப்யூஸ் என்பதைக் கேபிளின் தடிமன் தீர்மானிக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பது கேபிளை, மோட்டாரை அல்ல. செல்ஃப் எடுக்கும் அந்த ஓரிரு நொடி இழுவையில் போய்விடாத, மெதுவாக உருகும் வகை போல்ட் ஃப்யூஸ்கள் கிடைக்கின்றன. 50 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்கு 250, 300 ஆம்பியர் அளவில் பார்க்கலாம். வின்ச் மாட்டியிருந்தால் அது தனிக் கதை. முழு இழுவையில் 400 ஆம்பியரைத் தாண்டும் வின்ச்சுகள் உண்டு. அதற்குத் தனிக் கேபிள், தனி சுவிட்ச். செல்ஃப் கேபிளிலேயே அதையும் கோர்க்கக் கூடாது.

இப்போது ஓம் விதி. பேட்டரி பின்னால், இன்ஜின் முன்னால். போக 4 மீட்டர், திரும்பி வர 4 மீட்டர், மொத்தம் 8 மீட்டர் செம்புக் கேபிள் என்று வைத்துக்கொள்வோம். 25 சதுர மில்லிமீட்டர் கேபிள் என்றால் மொத்தத் தடை சுமார் 0.0055 ஓம். ப்பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். டீசல் இன்ஜினின் செல்ஃப் 250 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே சுமார் 1.4 வோல்ட் காலி. ஏற்கெனவே செல்ஃப் எடுக்கும்போது பத்துப் பதினொரு வோல்ட்டுக்கு இறங்கி நிற்கும் பேட்டரி அது. 50 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.7 வோல்ட், 70 போட்டால் அரை வோல்ட்டுக்குள் அடங்கும். மார்கழி அதிகாலையில் மலை மேல் வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்பதை இந்த ஒரு வோல்ட் முடிவு செய்துவிடும். 'கேபிள் 1 செட்' என்று எழுதும் எஸ்டிமேட்டில் இந்தக் கணக்கு எங்கேயும் இல்லை. இன்னொரு தில்லாலங்கடி, அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள். பார்க்கச் செம்பு போலவே இருக்கும், தடை அதிகம். சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

எர்த் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நெகட்டிவ் கேபிளைப் பக்கத்தில் கண்ட ஏதோ ஒரு போல்ட்டில், பெயிண்டுக்கு மேலேயே முறுக்கிவிட்டு வேலை முடிந்தது என்பவர்கள் உண்டு. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் நல்ல எர்த் பட்டை இல்லையென்றால், திரும்பி வர வேண்டிய மின்சாரம் கிடைத்த வழியில் வரும். ஆக்சிலரேட்டர் ஒயர், கிளட்ச் ஒயர் எது கிடைத்தாலும் சரி. ஒவ்வொரு தடவை செல்ஃப் அடிக்கும்போதும் ஆக்சிலரேட்டர் ஒயர் ஏன் சுடுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பெரிய கம்பெனிகள் பேட்டரியைப் பின்னால் வைத்தபோது என்ன செய்தன என்று பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது. பி.எம்.டபிள்யூ தன் கார்கள் பலவற்றில் பேட்டரியை டிக்கியில் வைத்தது. அதோடு நிற்காமல் பாசிட்டிவ் டெர்மினலிலேயே ஒரு சின்ன வெடியையும் வைத்தது! மோதல் நடந்தால் ஏர்பேக் சிக்னலில் அந்த வெடி வெடித்து, முன்னால் போகும் தடித்த கேபிளைப் பேட்டரியிலிருந்து கழற்றி எறிந்துவிடும். அவ்வளவு நீளக் கேபிள் காருக்குள் ஓடுவது எத்தனை ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்மை யாரும் வெடி வைக்கச் சொல்லவில்லை. ஒரு ஃப்யூஸ், ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். பேட்டரி பாக்ஸின் பவுடர் கோட்டிங்குக்கு யோசிக்காமல் கொடுக்கும் காசில் இதற்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

பேட்டரியை எப்படிக் கட்டிவைப்பது என்பதற்கு ராலி கார்களுக்கான எஃப்.ஐ.ஏ விதிகளைப் பார்த்தாலே போதும். (இந்தியாவில் எஃப்.ஐ.ஏ-வின் கிளை அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ நம் சென்னையில்தான் இருக்கிறது.) உலோக இருக்கை ஒன்று, அதன் மேல் மின்காப்பு சுற்றிய இரண்டு உலோகக் கிளாம்ப். தரையோடு பிடிக்கும் போல்ட் 10 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் தகரத்துக்கு அடியில் 3 மில்லிமீட்டர் கனத்தில், 20 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு பட்டை. ஆட்கள் உட்காரும் பகுதியில் வைத்தால் ஆசிட் ததும்பாத உலர் வகை பேட்டரிதான். இத்தனை எதற்கு? ஜீப் பேட்டரி 20 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். வண்டி உருண்டால் அந்த 20 கிலோவும் உள்ளே பறக்கும். பல வருஷத் துரு அரித்த தகரத்தில் இரண்டு வாஷர் வைத்து இறுக்கினால் தகரத்தைப் பிய்த்துக்கொண்டுதான் வரும். பஞ்சர் கடை ட்யூபை அறுத்துச் சுற்றிக் கட்டியிருக்கும் பேட்டரியை நானே பார்த்திருக்கிறேன்.

காற்றோட்டமும் உண்டு. சார்ஜ் ஏறும்போது, முக்கியமாக அளவுக்கு மீறி ஏறும்போது, லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விடும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்குப் பற்றும். 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வாயுவே வராது என்று அர்த்தம் இல்லை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம் என்று மட்டும்தான் அர்த்தம். மூடிய பெட்டிக்குள் வைத்தால் ஒரு குழாய் வண்டிக்கு வெளியே போக வேண்டும். அந்தப் பெட்டிக்குள்ளேயே ரிலே, சுவிட்ச் என்று பொறி வரக்கூடிய எதையும் வைக்கக் கூடாது.

கட்-ஆஃப் சுவிட்ச்சில் நம் டீசல் வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ, பேட்டரியை இடம் மாற்றிய காரின் பின்புறத்தில் வெளியே ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும், அதை அணைத்தால் ஓடும் இன்ஜினும் நிற்க வேண்டும் என்கிறது. பழைய டீசல் இன்ஜினில் பேட்டரியைப் பிடுங்கி எறிந்தாலும் இன்ஜின் ஓடும், கூடவே டைனமோவும் ஓடும். ஆகவே சுவிட்ச்சோடு ஸ்டாப் கேபிளும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

நான் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்றால், ஜீப்பில் பின்னால் எதிரெதிராக உட்காருகிறவர்களுக்கு இறங்க ஒரே வழிதான், பின்பக்கம். பேட்டரியையும் அதே இடத்தில் கொண்டுபோய் வைக்கிறோம். முன்னால் இருக்கும் அண்ணன் ஆளுக்கொரு பக்கம் குதித்துவிடுவார். பின்னால் இருக்கும் தம்பியும், 'நானும் வரேன்' என்று ஏறிய அத்தை பையனும்? 2025 அக்டோபரில் ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் ஒரு தனியார் பஸ் ஓடிக்கொண்டிருந்தபோதே எரிந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு ஏ.சி பஸ்ஸாக மாற்றப்பட்ட வண்டி அது என்றும், ஷார்ட் சர்க்யூட்டாக இருக்கலாம் என்றும் அப்போதே செய்திகள் வந்தன. அது பஸ், இது ஜீப், காரணமும் வேறாக இருக்கலாம். வெளியே வர வழி இல்லாதவர்கள்தான் செத்தார்கள் என்பது மட்டும் இரண்டுக்கும் பொருந்தும். காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றும் வண்டியில் பேட்டரியைப் பின்னால் வைக்கவே கூடாது என்பது என் கட்சி. சொந்த வண்டி, தனியாகப் போகிறேன் என்றால் அது உங்கள் கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைக் காட்டி, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்றது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி புக்கில் பேட்டரி எங்கே இருக்கிறது என்று ஒரு கட்டமும் இல்லை. ஆகவே இது மாற்றமா இல்லையா என்று வக்கீல்கள் நாள் முழுக்கப் பேசலாம். ஆனால் நடப்பது என்ன? பெரிய டயரும் பம்பரும் மாட்டி ஏற்கெனவே பயத்தில் இருக்கும் ஆள், ஆர்.டி.ஓ கண்ணில் படக் கூடாது என்று கேபிளைக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒளிக்கிறார், சுவிட்ச்சை வெளியே வைக்கவே பயப்படுகிறார். தீ வந்தால் வெளியிலிருந்து அணைக்க வேண்டியவர் கண்ணிலும் அது படாது. இன்சூரன்ஸ் பாடத்தில் 'உச்ச நல்லெண்ணம்' என்று ஒன்று படிக்கிறோம், தெரிந்த எதையும் மறைக்காமல் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும் என்று. சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் இங்கே ஒருவரும் சொல்வதில்லை. பின்னால் சர்வேயர் வந்து எரிந்த வண்டியில் பேட்டரியைத் தேடும்போது பேச்சு வேறு மாதிரி போகும்.

எனக்குத் தோன்றுவது, இதற்கு ஒரு வரையறை எழுதி அனுமதித்துவிடலாம். ராலிக்காரர்களிடம் எழுதி வைத்த விதி ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. கிளாம்ப், அடிப்பட்டை, டெர்மினல் பக்கத்தில் ஃப்யூஸ், கேபிளின் சைஸ், வெளியே சுவிட்ச், வாயுக் குழாய். எஃப்.சி-க்கு வண்டி வரும்போது மோட்டார் வாகன ஆய்வாளர் சீட்டைத் தூக்கி இவ்வளவையும் பார்க்கப் பத்து நிமிஷம் ஆகாது.